படுக்கிறேன், கிடக்கவில்லை

அந்தப் படம் எடுக்கப்பட்ட அறையில் இருந்தவர்கள்: முதியோர் ஆதரவு நிறுவனத்தின் இயக்குநர், அதன் செய்தித் தொடர்பைக் கவனிக்கும் இளம்பெண், தலைநகரிலிருந்து வரவழைக்கப்பட்ட புகைப்படப் பயிற்சியாளர், நிறுவனத்தின் உதவியால் புதுப் பல் செட் கட்டிக்கொண்ட தையற்காரர், நிறுவனத்தின் ஆலோசனைக் குழு உறுப்பினராகிய நான். தேநீர் கொண்டுவந்த அம்மாள் வாசலோடு திரும்பிவிட்டார். என் மனைவி அங்கே இல்லை. இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்கிறாள். எது நடந்தாலும் அவள் அப்படித்தான் சொல்வாள்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தராசுத் தட்டின் அடியில் மெழுகு ஒட்டுகிறவர்களைப் பிடிப்பது என் வேலை. கடைத்தெருவில் நான் பறிமுதல் செய்யாத தராசு இல்லை, என்னை மனதார வாழ்த்திய கடைக்காரரும் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சாய்ந்து உட்கார்ந்தது கிடையாது. நாற்காலிக்கு முதுகு எதற்கு என்று கேட்டவர் என் அப்பா. மனிதனுக்குத்தான் ஒன்று இருக்கிறதே என்பார். அந்தக் குடும்பத்தில் பிறந்த என் மகன் மெத்தைக்கடை வைத்தான்.

கடை நன்றாகத்தான் நடந்தது. ‘உங்கள் உறக்கம் எங்கள் பொறுப்பு’ என்று பலகை மாட்டியிருந்தான். திறப்பு விழா அன்று, “அப்பா, ஒரு தடவை படுத்துப் பாருங்கப்பா” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். “எனக்கு முதுகு இருக்குடா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதை நல்ல பதில் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நல்ல நிறுவனம். வயதானவர்களுக்குப் போர்வை, மூக்குக்கண்ணாடி, பல் செட் எல்லாம் கொடுக்கும். கொடுக்கும்போது படம் எடுக்கும். ஒரு போர்வையை இயக்குநர், துணை இயக்குநர், பொருளாளர், வந்திருந்த விருந்தினர், அவருடைய மைத்துனர் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாங்குகிறவர் போர்வைக்குப் பின்னால் இருப்பார். ஒரு படத்தில் மூதாட்டி ஒருவர் இருந்தார் என்பதற்கு அவருடைய செருப்பு மட்டும்தான் சாட்சி. எல்லாப் படங்களிலும் இடது ஓரத்தில் நான் நிற்பேன். தெரியாதவர்கள் கொடிக்கம்பம் என்று நினைத்திருக்கலாம்.

இந்தப் படங்களைப் பார்த்து யாரும் நன்கொடை தருவதில்லை என்று நிறுவனத்துக்கு ஒருநாள் உறைத்தது. படம் எடுக்கக் கற்றுக்கொடுக்க ஆள் வந்தார்.

பயிற்சியாளர் பழைய படங்களைச் சுவரில் ஒன்றொன்றாகக் காட்டினார். பெருமூச்சு விட்டார்.

“எல்லாப் படத்துலயும் நீங்களே இருக்கீங்க. உதவி வாங்கினவங்க எங்கே சார்?”

“பின்னாடி இருக்காங்க” என்றார் இயக்குநர். “போர்வையை இறக்கினா தெரிவாங்க.”

“இனிமே ஒரு படத்துக்கு ஒரு முகம். அதுவும் உதவி வாங்கறவங்க முகம். போஸ் குடுக்கக் கூடாது. டியூப்லைட் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பேனர் வேண்டாம், சால்வை வேண்டாம். அதிகாரிங்க யாரும் படத்துல வேண்டாம்.”

இயக்குநர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி வாக்கியத்தில் தலை நின்றுவிட்டது.

“அதிகாரின்னா... நானுமா?”

“நீங்கதான் முதல்ல.”

“தோள் மட்டும் ஒரு ஓரத்துல வரலாமா?”

“மங்கலாத்தான் வரும் சார்.”

“பரவாயில்லை. எங்க வீட்ல கண்டுபிடிச்சிருவாங்க.”

பிறகு பயிற்சியாளர் கண்ணியத்தைப் பற்றிப் பேசினார். ஏழையைப் படம் எடுக்கும்போது கண்ணியம் குறையக் கூடாது, ஆனால் தேவை தெரிய வேண்டும். தேவை தெரியாவிட்டால் காசு வராது, கண்ணியம் இல்லாவிட்டால் கெட்ட பெயர் வரும் என்றார். “கண்ணியம் எவ்வளவு, தேவை எவ்வளவு?” என்று இயக்குநர் கேட்டார். “பாதிக்குப் பாதி” என்றார் பயிற்சியாளர். அளவு கேட்டதும், அளவு சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த இரண்டையும் எந்தத் தராசில் நிறுப்பார்கள் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் தையற்காரரை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். முறையான பயனாளி அவர்தான். ஆனால் அவருக்குப் பல் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உட்கார்ந்ததும் சிரித்தார். சிரித்தது சிரித்தபடியே இருந்தார்.

“ஐயா, கேமராவை மறந்துடுங்க” என்றார் பயிற்சியாளர்.

“மறந்துட்டேங்க” என்றார் தையற்காரர், இன்னும் இரண்டு பல்லைக் காட்டி.

“கொஞ்சம் வாயை மூடி...”

“பல்லுக்குத்தானே கூப்பிட்டீங்க? மூடினா என்ன தெரியும்?”

செய்தித் தொடர்புப் பெண் பயிற்சியாளரின் காதருகே போய், எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “குடுத்தப்புறம் எடுத்தா இப்படித்தான் சார் ஆயிடறாங்க. குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும்” என்றாள்.

“கழட்டிட்டு எடுக்கலாமே?” என்றார் இயக்குநர்.

தையற்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெல்லாம் கழட்ட மாட்டேன். என் பொண்டாட்டி முன்னாடியே கழட்டறதில்லை.”

அவர் எழுந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, அங்கிருந்தும் சிரித்தார். ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. பயிற்சியாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

“சார், நீங்க கொஞ்சம் அங்க உட்காருங்க. வெளிச்சம் மட்டும் பார்த்துக்கறேன்.”

“படம் எடுத்துக்கலாமா அங்கிள்?” என்று அந்தப் பெண்ணும் கேட்டாள்.

“தாராளமா” என்றேன். இத்தனை பேர் இருக்கும் அறையில் வெளிச்சம் பார்க்கக்கூட என் முகத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று உள்ளூர மகிழ்ந்தேன். அன்று நான் உடுத்தியிருந்தது பணிக்காலத்துச் சட்டை. வெளுத்துப்போயிருந்தாலும் கிழியவில்லை. காலர் நைந்தபோது அதைத் திருப்பித் தைத்துக் கொடுத்தவர் அதே தையற்காரர்தான். புதுச்சட்டை வாங்கும் வசதி இருந்தும் வாங்காமல் இருப்பதை ஒரு சாதனையாக நினைக்கிறவன் நான்.

பயிற்சியாளர் தரையில் குப்புறப் படுத்துக் கேமராவைத் தூக்கினார்.

“சார், ரிலாக்ஸ்.”

“ரிலாக்ஸாத்தான் இருக்கேன்.”

“இதுவா? அப்ப இறுக்கமா இருந்தா எப்படி இருப்பீங்க?” அவர் கொஞ்சம் யோசித்தார். “ஏதாவது பேசிக்கிட்டே இருங்க. உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க. முகம் தானா இளகும்.”

என்னைப் பற்றிப் பேசச் சொல்லி யாரும் கேட்டு நாளாகியிருந்தது. அந்தப் பெண் தன் செல்போனில் பதிவு செய்யத் தொடங்கினாள். நானும் தொடங்கினேன்.

“நான் இன்னைக்கு வரைக்கும் மெத்தையில படுத்ததில்லை. வெறும் தரையிலதான் படுக்கிறேன்.”

“தரையிலயா அங்கிள்? குளிராதா?”

“குளிரும். குளிர்னா என்ன? குளிரட்டும். ராத்திரியில சாப்பிடறதில்லை. என் துணியை நானேதான் துவைச்சுக்கறேன். பிள்ளை காசைக் கையால தொடமாட்டேன். யார் வாசல்லயும் போய் நின்னதில்லை, நிக்கவும் மாட்டேன்.”

அவள் கண் கலங்கியது. என் ஒழுக்கத்தைக் கண்டு கலங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு பழக்காரர் தராசைப் பிடித்தார். தட்டு நிலைக்கு வருமுன்பே பழத்தை அள்ளிப் பையில் போட்டுவிட்டார். பட்டப்பகலில், என் கண்ணெதிரே. ஓய்வு பெற்றவனால் என்ன செய்ய முடியும்? அந்த வேதனை முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

“அப்படியே! அப்படியே இருங்க!” என்று தரையிலிருந்து பயிற்சியாளர் கத்தினார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலை மகன் போன் செய்தான்.

“அப்பா, கடைக்கு வாங்க.”

“என்னடா?”

“வாங்கப்பா. வந்து எதிர்ச் சுவரைப் பாருங்க.”

எதிர்ச் சுவரில் நான் இருந்தேன். கறுப்பு வெள்ளையில், மாடி உயரத்துக்கு. வெளுத்த சட்டை, திருப்பித் தைத்த காலர், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பாதி முகம். கண்கள் எதையோ பார்த்து ஏங்கின. படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒரு தோள். கீழே பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

‘இவர் இரவில் சாப்பிடுவதில்லை. வெறும் தரையில், குளிரில் கிடக்கிறார். பிள்ளையின் பணம் இவர் கைக்கு வருவதில்லை. துணி துவைத்துப் பிழைக்கிறார். ஆனாலும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. கிடைக்காத ஒரு பழத்தை ஜன்னல் வழியே பார்க்கிறார். இவருக்கு ஒரு மெத்தை தருவீர்களா?’

முதலில் எனக்குத் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. என் மூக்குக்கு அப்படியொரு கம்பீரம் உண்டு என்று அதுவரை யாரும் எடுத்துக் காட்டியதில்லை. பிறகுதான் எழுத்தைப் படித்தேன். படித்துக்கொண்டே வந்து ஒரு சொல்லில் நின்றேன்.

கிடக்கிறார்.

நான் ‘படுக்கிறேன்’ என்றுதான் சொன்னேன். படுக்கிறவன் தானாகப் படுக்கிறான்; விடிந்ததும் தானாக எழுந்து நிற்கிறான். கிடப்பது அப்படியல்ல. உடைந்த நாற்காலி கிடக்கும். கேட்பாரில்லாத மூட்டை கிடக்கும். எங்கள் வம்சத்தில் யாரும் கிடந்தது கிடையாது.

“வாங்க ஆபீசர் சார்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரிசி மண்டிக்காரர். அவருடைய தராசைப் பணிக்காலத்தில் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறேன். “இவ்வளவு கஷ்டத்துல இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒரு மெத்தை குடுத்திருக்க மாட்டேனா? எடை குறையாம குடுத்திருப்பேனே!”

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மகனின் கடையைத்தான் பார்க்க முடியவில்லை. புதுக்குடித்தனம் போகும் ஒரு ஜோடி மெத்தை பார்க்க வந்திருந்தது. பெண் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். கல்லாவில் இருந்த என் மகனைப் பார்த்தாள். எங்கள் குடும்ப மூக்கு எங்கே இருந்தாலும் தெரியும்.

“இவரு அப்பாதாங்க அது” என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள். “பெத்த அப்பனுக்கு ஒரு மெத்தை இல்லை. நமக்கு விக்க வந்துட்டாரு.”

போய்விட்டார்கள். அன்று அவர்களுக்குப் பிறகு யாரும் வரவில்லை. மறுநாள் வந்தவர்கள் வாங்க வரவில்லை, கொடுக்க வந்தார்கள். பழைய மெத்தைகளைக் கொண்டுவந்து, ‘இதையாவது உங்க அப்பாவுக்குப் போடுப்பா’ என்று கடை வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து மகன் புதுச் சரக்கையெல்லாம் உள்ளே தள்ளி வைத்தான். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் குறையை என் மனைவி தீர்த்தாள்.

“ராத்திரி சாப்பிடறதில்லைன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன். சாப்பிடறதில்லையே.”

“பாலு, ரொட்டி, வாழைப்பழம், அது மேல ஒரு கரண்டி தேனு. அதையெல்லாம் யாருங்க சாப்பிடறா? பூனையா?”

“அது சாப்பாடு இல்லை.”

“சரி. துணியை நீங்களே துவைக்கறீங்களாமே?”

“பனியனைத் துவைக்கறேன்.”

“நனைக்கறீங்க. நனைச்சு வாளியில போட்டுட்டு வந்துடறீங்க. துவைக்கறது நான்.” அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “பெருமை பேசறதுக்குக் கூலி குடுத்தாங்கன்னா நம்ம வீடு எப்பவோ மாளிகை ஆயிருக்கும். போங்க, போயி அந்தப் படத்தை எடுக்கச் சொல்லுங்க. புள்ள கடையை மூடிட்டு உட்காரப்போறான்.”

போனேன். இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். அறையில் கால் வைக்க இடமில்லை; கூரை வரை மெத்தை.

“ஐயா! நிறுவனத்தோட சரித்திரத்துலயே இப்படி ஒரு படம் வந்ததில்லை. போன்ல அழறாங்க ஐயா. உங்களைப் போல ஒரு ஏழை எங்களுக்கு இதுவரைக்கும் கிடைச்சதே இல்லை.”

“நான் ஏழை இல்லை.”

“அந்தக் கண்ணியம்தான் ஐயா! அதைத்தான் பயிற்சியாளர் சொன்னாரு.”

“நான் உங்க ஆலோசனைக் குழுவுல இருக்கறவன். போர்வை பிடிச்ச எல்லாப் படத்துலயும் இடது ஓரத்துல நிக்கறவன்.”

“அதை யார் ஐயா பார்த்தாங்க?” என்றார் இயக்குநர், உண்மையான வருத்தத்தோடு.

அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். பொய் எழுதியிருக்கிறாய் என்றேன். அவள் பதறவில்லை. செல்போனை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினாள். என் குரல் கணீரென்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது. குளிரட்டும் என்று நான் சொன்ன இடத்தில், அந்த அறையிலிருந்த மெத்தைகள்கூட என்னைக் கண்டு இரங்கியிருக்கும்.

“எல்லாம் நீங்க சொன்னதுதானே அங்கிள்? படம் எடுத்துக்கலாமான்னும் கேட்டேன். தாராளமான்னீங்க.”

“படுக்கிறேன்னு சொன்னேன். கிடக்கிறேன்னு சொல்லலை.”

“படுக்கிறார்னு போட்டா யாரும் குடுக்க மாட்டாங்க அங்கிள். படுக்கிறவரு எழுந்துடுவாரு. கிடக்கிறவருக்குத்தான் மெத்தை குடுப்பாங்க.”

மறுப்பாவது வெளியிடுங்கள் என்றேன். இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடைக்குரல் வந்துவிட்டது.

“ஐயா, பொய் சொல்லாத நிறுவனம்னு பேர் வாங்க நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம்! இப்ப மறுப்பு போட்டா முன்னாடி பொய் சொன்னோம்னு ஆயிடும். அந்த நல்ல பேரைக் காப்பாத்தணும்னா இது இப்படியே இருந்தாகணும். நீங்களே ஆலோசனைக் குழு. நீங்களே ஆலோசனை சொல்லுங்க.”

நான் சொன்ன ஆலோசனையை எழுத முடியாது. அது முடிந்ததும் பயிற்சியாளர் தொண்டையைக் கனைத்தார். அவர் ஊருக்குப் போயிருக்கவில்லை. போஸ்டருக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து நிறுவனம் அவரை விடவில்லை.

“மறுப்பு வேண்டாம் சார். இன்னொரு படம் எடுப்போம். மெத்தை குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தாச்சு, இது குடுத்தப்புறம். உங்க பையன் கடையில, உங்க பையன் குடுத்த மெத்தையில நீங்க படுத்திருக்கீங்க. ‘மகன் தந்த மெத்தை’ன்னு போடுவோம். ஜனங்களுக்கும் நிம்மதி, உங்க பையனுக்கும் பேரு.”

“நான் மெத்தையில படுக்க மாட்டேன்.”

“அப்ப வேற வழி இல்லை சார்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

“உங்க முதுகு பெருசா, அவன் முகம் பெருசா?”

கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவது என் வழக்கம். அன்று அவள் சமையலை முடித்து, பாத்திரங்களைக் கழுவி வைத்து, கை துடைத்துக்கொண்டு வரும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டேன். “அந்தச் சட்டை வேண்டாம்” என்றாள். மாற்றிக்கொண்டேன்.

கடையில் நல்ல கூட்டம். வாங்க வந்தவர் ஒருவருமில்லை. அரிசி மண்டிக்காரர் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார். ஒருவேளை தேவைப்பட்டால் என்று தையற்காரரும் பல்லோடு வந்திருந்தார். ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டு, அதன்மேல் மகன் ஒரு மெத்தையை விரித்துக்கொண்டிருந்தான்.

“இது அமுங்காதுப்பா. கெட்டியா இருக்கும். தரை மாதிரிதான்.”

“இப்படி ஒரு சரக்கு வெச்சிருக்கியா?”

“விக்கறதுக்கு இல்லை. உங்களுக்குன்னு தெச்சது.”

“எப்போ?”

“கடை தொறந்தப்போ.” விரிப்பின் ஓரத்தை உள்ளே செருகினான். “சும்மா மேல கெடந்துச்சு.”

செருப்பைக் கழற்றினேன். படுத்தேன். கால்களைச் சேர்த்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, நேராக.

“கொஞ்சம் இயல்பா...” என்று ஆரம்பித்த பயிற்சியாளர் பாதியிலேயே விட்டுவிட்டார். இயக்குநர் கட்டிலின் தலைமாட்டில் வந்து, தோள் மட்டும் விழும்படி குனிந்து நின்றுகொண்டார்.

“இந்தத் தடவை எதுவும் பேச வேண்டாம் அங்கிள்” என்றாள் அந்தப் பெண். “கண்ணை மட்டும் மூடிக்கோங்க.”

மூடிக்கொண்டேன். முதுகுக்குக் கீழே ஏதோ ஒன்று என்னைத் தாங்கியது. தரை தாங்குவதில்லை, தரை சும்மா இருக்கும், நாம்தான் அதன்மேல் இருக்க வேண்டும். இவ்வளவு நாள் இந்த வேறுபாடு தெரியாமலேயே ஆய்வாளராக இருந்திருக்கிறேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்ன நினைத்தேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னல் வெளிச்சம் கடையின் உள்சுவருக்குப் போயிருந்தது. கூட்டம் இல்லை. கடையின் இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. மகன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“எழுப்பறதுக்கென்னடா?”

“படம் அப்பவே முடிஞ்சுதுப்பா. தெருச் சத்தம் வந்துச்சு, அதான் கதவை இறக்கினேன்.” கொஞ்சம் தயங்கினான். “நீங்க தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் எழுந்துக்கறப்ப எப்பவும் நீங்க எழுந்து நின்னுக்கிட்டிருப்பீங்க.”

ஓரத் தையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

தன் வாழ்நாளில் போஸ் இல்லாமல் கிடைத்த ஒரே படம் அது என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். பெரிய போஸ்டராக அதே சுவரில் ஒட்டினார்கள். கண்ணியத்துக்காக இதுவும் கறுப்பு வெள்ளை. வாசகத்தில்தான் சிறு மாற்றம். எழுத்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு படம் பேசும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்ததால், அந்தப் பெண் குறைத்திருந்தாள். நேராக நீட்டிப் படுத்த ஒரு கிழவர். மூடிய கண்கள். தலைமாட்டில் குனிந்த ஒரு தோள். கீழே:

‘இனி இவருக்கு நிம்மதியான உறக்கம். – அன்பு மகன்.’

காலையில் வாசல் கதவைத் தட்டினார்கள். திறந்தேன். அரிசி மண்டிக்காரர் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“அம்மாவைப் பார்க்கணும்” என்று தலை குனிந்தபடியே சொன்னார். “என்ன இருந்தாலும் நேர்மையான மனுஷன். என் தராசை எத்தனை தடவை தூக்கிட்டுப் போயிருந்தாலும், ஒரு நாளும் கை நீட்டினது...” நிமிர்ந்தார். பேச்சு நின்றது. படி இறங்கும்போது தடுக்கி விழப் பார்த்தார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அவருக்குப் பின்னால் பாதிக் கடைத்தெரு வந்தது. நான் உயிரோடு இருந்தவரை என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் என் வாசலில் நின்று என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

மகன் கடையிலோ கூட்டம் தாங்கவில்லை. கடைசிக் காலத்தில் அப்பனுக்கு எவ்வளவு நல்ல மெத்தை கொடுத்திருக்கிறான் என்று ஊரே பேசியது. அதே மெத்தைதான் வேண்டும் என்று கேட்டார்கள். புதுக்குடித்தன ஜோடியும் திரும்பி வந்தது.

மாலையில் இயக்குநர் வந்தார். இந்தத் தடவை தோளோடு முழு உருவமும் வந்தது.

“ஐயா, நிறுவனத்துக்கு நன்கொடை ரெண்டு மடங்காயிடுச்சு. உங்க பையன் வியாபாரமும் அமோகம். ஒரு சின்ன உதவி. கொஞ்ச நாளைக்கு நீங்க வெளியில வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது. நாளைக்கு இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். ஆலோசனைக் குழு உறுப்பினர்ங்கற முறையில அதுக்கு மட்டும் வந்துடுங்க.”

போனேன். குழு உறுப்பினர் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது முறையில்லை. இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். ‘வெறும் தரையில் கிடந்து வாடிய பெரியவரின் மறைவுக்கு’ என்று தீர்மானத்தை வாசித்தார்கள். எழுந்து, ‘கிடந்து’ என்பதை ‘படுத்து’ என்று திருத்த வேண்டும் என்றேன். இந்த முறை யாரும் மறுக்கவில்லை. ஒருமனதாகத் திருத்தி நிறைவேற்றினார்கள்.

கூட்டம் முடிந்து மகன் கடைக்குப் போனேன். பின்வாசல் வழியாகத்தான். அவன் ஒரு வாடிக்கையாளருக்கு மெத்தை சுருட்டிக்கொண்டிருந்தான். அவரை அனுப்பிவிட்டு உள்ளே வந்தான். இயக்குநர் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். கடைக்கு நல்லது என்றால் கொஞ்ச நாள் வீட்டுக்குள் இருந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். நான் இதுவரை அவனுக்குக் கொடுக்க முன்வந்தவற்றில் அதுதான் பெரியது.

“அதெல்லாம் வேண்டாம்” என்றான். “நீங்க முன்வாசல் வழியா போங்கப்பா. எல்லாரும் பார்க்கட்டும்.”

“வியாபாரம்?”

“போனா போகுது. எங்க அப்பா செத்துட்டாருன்னு சொல்லி நான் மெத்தை விக்கணுமா?”

முன்வாசல் வழியாக வெளியே வந்தேன். கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிமிர்ந்து நடந்தேன். பார்த்தவர்களில் சிலர் வணக்கம் சொன்னார்கள், சிலர் கடைக்குள் ஒதுங்கினார்கள். பழக்காரர் தட்டு நிற்கும்வரை காத்திருந்து நிறுத்தார். ஆனால் எல்லோரும் அப்போது தெருவில் இருக்கவில்லை. வெளியூர் உறவினர்களுக்கும் செய்தி போயிருக்கிறது. ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மகன் கொடுத்த மெத்தையில் நான் உறக்கத்திலேயே இறந்துவிட்டதாக ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. உறங்கினேன். இறக்கவில்லை.